பாலிசிதாரர் ஸ்பானர்

மனிதனுக்கு இடுப்பு எலும்பு தேய்வது இயற்கை. தேய்ந்ததை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்றைப் பொருத்துவது மருத்துவம். பொருத்திய பிறகு அவன் எத்தனை நாள் படுத்திருக்கலாம் என்பது மட்டும் இயற்கைக்கும் கட்டுப்படாது, மருத்துவத்துக்கும் கட்டுப்படாது. அது காப்பீட்டு நிறுவனத்தின் இலாகா.

யாரபுண்டி என்ற ஊரில் செம்மறி ஆடு வளர்க்கும் டெஸ் பக்லி இது தெரியாதவர் அல்ல. அறுபத்தெட்டு வயதில் வலது இடுப்பை மாற்றிக்கொள்ளப் போகும் முன்பே தென்முனை நலவாழ்வுக் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் போட்டு, ஆபரேஷனுக்கு அப்புறம் உடம்பு தேறும்வரை ஊர் ஆஸ்பத்திரியின் மீட்பு வார்டில் படுக்கை உண்டா என்று கேட்டார். பேஷாக உண்டு என்றார்கள். முப்பது வருஷமாகத் தங்கத் திட்டத்தில் பணம் கட்டுகிறவருக்கு இல்லாத படுக்கையா என்றார்கள். 'தேவைப்படும் காலம் வரை' என்றார்கள். தேவையை யார் தீர்மானிப்பது என்று டெஸ் அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அந்தப் படுக்கை அவருக்கு ஒன்றும் சொகுசு இல்லை. டெஸ் காளை மாதிரி ஆள். மனைவி நோரீன் அவர் விலா உயரம்தான் இருப்பாள். வீடு மரக்கால்கள் மேல் நிற்கிறது, வாசலுக்குப் போகவே படியேற வேண்டும். போன வருஷம் பக்கத்துப் பண்ணை கீத்தை இப்படித்தான் ஆபரேஷன் முடிந்த கையோடு வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்தவர் பிறகு நடக்கவே இல்லை. நோரீன் அதை மறக்கவில்லை.

"இதோ பார், நீயா எழுந்து கக்கூஸ் போய்ட்டு வர்ற வரைக்கும் வீட்டுப் பக்கம் தலை காட்டாதே. நீ விழுந்தா என்னால தூக்க முடியாது. டிராக்டரைத்தான் கொண்டு வரணும்" என்று சொல்லித்தான் அவரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டாள்.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. மறுநாள் காலை டெஸ் ஒரு பக்கம் குளுக்கோஸ் குழாயும் இன்னொரு பக்கம் மூத்திரக் குழாயுமாக, மல்லாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நர்ஸ் மரீ சக்கரம் வைத்த ஒரு திரையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். திரைக்குள் ஒரு பெண் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

"வணக்கம் டெஸ்மண்ட்! நான் இமோஜன், உங்க மீட்சிப் பயண ஒருங்கிணைப்பாளர். வாழ்த்துகள்! உங்க பயணம் வெற்றிகரமா முடிஞ்சுடுச்சு."

"எந்தப் பயணம்மா? நான் இன்னும் கட்டில விட்டே இறங்கலையே."

"தன்னடக்கம்! நேத்து சாயங்காலத்துல இருந்து இன்னிக்குக் காலை வரைக்கும் நீங்க இருபத்திரண்டு கிலோமீட்டர் நடந்திருக்கீங்க. அதுல பாதி ஓட்டம். வெள்ளிக்கிழமை மத்தியானம் படுக்கையைக் காலி பண்ணிடலாம்."

மரீ குழாய்களைப் பார்த்தாள். பிறகு டெஸ்ஸைப் பார்த்தாள். டெஸ்ஸோ தன் மணிக்கட்டைப் பார்த்தார். அது வெறுமையாக இருந்தது. அடக் கடவுளே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

விஷயம் இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன் தென்முனை நிறுவனத்துக்கு ஒரு ஞானோதயம் ஏற்பட்டது. காலம் மாறிவிட்டது, பாலிசிதாரர் என்றால் வெறுமனே பணம் கட்டுகிறவர் அல்ல, அவர் ஒரு 'நலத்தோழர்' என்று அறிவித்து, ஆளுக்கொரு வாட்ச் அனுப்பினார்கள். நடக்க நடக்கப் புள்ளிகள் ஏறும். புள்ளிகள் ஏற ஏற மாதச் சந்தா குறையும், பரிசும் வரும். ஆட்டை மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து விரட்டுகிற மனிதன் எங்கே நடப்பான்? டெஸ் யோசித்தார். வாட்சை, ஆடு மேய்க்கும் தன் கெல்பி நாய் ஸ்பானரின் முன்னங்காலில் கட்டிவிட்டார்.

அதிலிருந்து டெஸ்ஸின் ஆரோக்கியம் அமோகமாக முன்னேறியது. நோரீனுக்கு ஏர் ஃப்ரையர் வந்தது. மேற்கு மண்டலத்திலேயே தன் வயதில் சிறந்த இருதயம் உடையவர் என்று டெஸ்ஸுக்குப் பாராட்டுப் பத்திரம் வந்தது. ராத்திரியில் அடிக்கடி விழித்துக்கொள்கிறீர்கள், குறிப்பாகப் பௌர்ணமியன்று மிகவும் உணர்ச்சிவசப்படுகிறீர்கள், தியானம் செய்து பாருங்கள் என்று ஒருதரம் அன்போடு ஆலோசனைகூடச் சொன்னார்கள்.

"இமோஜன், என்னைக் கொஞ்சம் நல்லாப் பாரு. எனக்குக் கால் அசையல" என்றார் டெஸ்.

"உங்க உணர்வை நான் மதிக்கிறேன், டெஸ்மண்ட். ஆனா அது உணர்வு. இது தரவு."

மரீக்குப் பொறுக்கவில்லை. "இவரைத் திருப்பிப் படுக்க வைக்கவே ரெண்டு பேர் வேணும். டாக்டரே எழுதியிருக்காரு, மூணு வாரம் இங்கதான் இருக்கணும்னு."

"டாக்டர் ஒரு நாளைக்கு அஞ்சு நிமிஷம் பார்ப்பாரு. வாட்ச் இருபத்துநாலு மணி நேரமும் பார்க்குது. நீங்களே சொல்லுங்க, யாரை நம்பறது?" என்று கேட்டுவிட்டு இமோஜன் திரையிலிருந்து மறைந்தாள். அவள் இருந்த இடத்தில் ஐந்து நட்சத்திரங்கள் தோன்றி, எங்கள் சேவை எப்படி என்று கேட்டன.

மத்தியானம் வந்த நோரீன் விஷயத்தைக் கேட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். "அன்னிக்கே சொன்னேன், வேண்டாம் வேண்டாம்னு."

"சொன்னியா? ஏர் ஃப்ரையரைப் பிரிச்சப்போ இதைவிடப் பெருசா ஒண்ணு இருக்கான்னுல்ல கேட்ட?"

"சரி விடு. அந்த ஹெக்டருக்குப் போனைப் போடு. நாயைக் கட்டிப் போடச் சொல்லு."

ஹெக்டர் அடுத்த பண்ணைக்காரர். டெஸ் படுத்திருக்கும் வரை ஆடுகளையும் ஸ்பானரையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். நாயைக் கட்டிப்போட்டார். ஸ்பானருக்குக் கட்டிப்போட்டுப் பழக்கமில்லை. முளையைச் சுற்றிச் சுற்றி வந்து, குரைத்த குரைப்பில் ஊரே திரும்பிப் பார்த்தது. மறுநாள் இமோஜன் திரையில் தோன்றி, டெஸ்மண்ட் இப்போது வட்டப்பாதையில் பயிற்சி செய்வதாகவும், மூச்சுப் பயிற்சியும் சேர்த்துச் செய்வதாகவும், நிறுவனமே புளகாங்கிதம் அடைந்திருப்பதாகவும் சொன்னாள்.

"அப்ப வாட்சைக் கழட்டித் தொலைக்கச் சொல்லு!" என்றாள் நோரீன்.

ஹெக்டர் கழற்றி வேலிக்கம்பத்தில் மாட்டினார். அவ்வளவுதான், நோரீனின் போன் அலறியது. தங்கள் கணவரின் நாடி நின்றுவிட்டதை அறிந்து தென்முனைக் குடும்பம் துயரத்தில் ஆழ்ந்திருக்கிறது என்றது ஒரு சோகக் குரல்.

"இதோ என் எதிர்ல படுத்து ஜெல்லி தின்னுட்டிருக்காரு!" என்று கத்தினாள் நோரீன்.

"முதல்ல அப்படித்தான் தோணும், மேடம். ஏத்துக்கக் கொஞ்ச நாள் ஆகும். மறைந்தவங்களுக்கு மீட்பு வார்டு கிடையாது, ஆனா பூங்கொத்து உண்டு."

பூங்கொத்தும் வந்தது. டெஸ் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, ஹெக்டருக்கு மறுபடியும் போன் போட்டு, வாட்சை நாய்க்கே கட்டச் சொன்னார். உயிர்த்தெழுந்ததற்காக ஐந்நூறு புள்ளிகள் ஏறின. ஆனால் வெள்ளிக்கிழமை மட்டும் அசையாமல் அங்கேயே நின்றது.

இனி உண்மையைச் சொல்வதைத் தவிர வழியில்லை என்று டெஸ் முடிவுக்கு வந்தார். வியாழக்கிழமை இமோஜன் வந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அந்த வாட்ச் என் கையில இல்லம்மா. என் நாய் கால்ல இருக்கு. ரெண்டு வருஷமா அங்கதான் இருக்கு. தப்புதான். புள்ளி, பரிசு எல்லாத்தையும் திருப்பி எடுத்துக்குங்க. படுக்கையை மட்டும் விட்டுடுங்க."

இமோஜனின் சிரிப்பு அப்படியே உறைந்தது. ஒரு நிமிஷம் என்று சொல்லி மறைந்தாள். திரும்பி வரும்போது அவளோடு தரவுத் துறைத் தலைவர் ராண்டல் இருந்தார்.

"உங்க நேர்மையைப் பாராட்டறேன், டெஸ்மண்ட். இதனால உங்க மேல எந்த நடவடிக்கையும் இல்ல" என்றார் ராண்டல்.

டெஸ்ஸுக்கு மூச்சு வந்தது. "அப்போ படுக்கை?"

"அதைத்தான் சொல்ல வர்றேன். எங்க விதிப்படி பாலிசிதாரர்னா வாட்சைக் கட்டியிருக்கிறவர். ரெண்டு வருஷமா நாங்க ஸ்பானரைத்தான் காப்பீடு பண்ணிட்டு வந்திருக்கோம். அவர் நல்ல ஆரோக்கியமா இருக்கார். அவருக்கு மீட்பு வார்டு தேவையில்லை."

"யோவ், பணம் கட்டினது நான்யா!"

"அது உங்க பெருந்தன்மை."

"அவன் நாய்யா! நாலு வயசு நாய்!"

"ஓ, நாலு வயசா?" ராண்டல் ஏதோ குறித்துக்கொண்டார். "அந்த நாடித்துடிப்பைப் பார்த்து நாங்களே ஆச்சரியப்பட்டிருக்கோம். இப்பத்தான் புரியுது. இளம் வயதுச் சலுகை ஒண்ணு அவருக்கு வரவேண்டியிருக்கு."

திரை அணைந்தது. முப்பது வருஷம் பணம் கட்டிவிட்டு, ஒரு கம்பெனிக்குத் தான் யாரென்றே தெரியாது என்று கேட்பது மனிதனை என்னவோ செய்கிறது. டெஸ் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கண்ணைத் துடைத்ததை மரீ பார்த்தாள், பார்க்காத மாதிரி போர்வையை இழுத்துவிட்டாள்.

சாயங்காலம் ஹெக்டர் பார்க்க வந்தார். "நீ ஒரு வார்த்தை சொல்லுடா. நீ சாட்சி சொன்னா அந்த ராண்டலால ஒண்ணும் பேச முடியாது. பாலிசி என்னோடது, வாட்ச் மட்டும்தான் நாய்கிட்ட இருந்ததுன்னு சொல்லிடு" என்று டெஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஹெக்டர் கையை மெல்ல உருவிக்கொண்டார். "டெஸ், நான் எப்படிடா சொல்றது? அப்புறம் உன் வாட்ச் எங்கய்யான்னு என்னைக் கேப்பான்ல?"

"உன்னுது எங்க?"

"என் நாய்கிட்டதான். வேற எங்க?"

மரீ தலையணையைத் தட்டிச் சரி செய்வதில் திடீரென்று மும்முரமானாள். அவளுடையது வேட்டை நாயிடம் இருந்தது. மதுக்கடைக்காரருடையது குதிரையிடம். ஊர்த் தபால்காரருடையது மட்டும் ஒரு மனிதரிடம் இருந்தது, ஆனால் அது மாரத்தான் ஓடும் அவருடைய மைத்துனர். யாரபுண்டி என்ற ஊரே இரண்டு வருஷமாக நாலு காலில் ஓடிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் டெஸ்ஸுக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை ராண்டல் நேரிலேயே வந்துவிட்டார். மீட்பு வார்டின் வாசலில் ரிப்பன் கட்டியிருந்தது. லாமிங்டன் கேக்கும் டீயும் உண்டு என்று சொல்லியிருந்ததால் ஊர் திரண்டிருந்தது. டெஸ்ஸைச் சக்கர நாற்காலியில் உட்கார்த்தி நோரீன் பின்வரிசையில் நிறுத்தியிருந்தாள்.

"நலத்தோழர்களே!" என்று ராண்டல் ஆரம்பித்தார். "நாடு முழுக்க அலசினோம். ஆபரேஷனுக்கு மறுநாளே எழுந்து ஓடுகிற மக்கள் யாரபுண்டியில் மட்டுமே இருக்கிறார்கள். இப்படிப்பட்ட மக்களுக்கு மீட்பு வார்டு வைத்திருப்பது அவர்களை அவமதிப்பதாகும். எனவே இதற்கான பணத்தை இன்றோடு நிறுத்திக்கொண்டு, இதே இடத்தில் உங்களுக்காக ஓட்டப் பயிற்சி மையம் திறக்கிறோம்!"

கைதட்டல் பாதியில் நின்றது. வார்டையே மூடுகிறார்கள் என்பது ஒவ்வொருவர் மண்டையிலும் மெதுவாக இறங்கியது. ஹெக்டருக்கு அடுத்த மாதம் முட்டி ஆபரேஷன். மதுக்கடைக்காரருக்குக் குடலிறக்கம். அவர்கள் முகம் பேயறைந்த மாதிரி ஆனது.

"நாங்கள் ஜனநாயகவாதிகள்" என்றார் ராண்டல். "தன்னுடைய தரவு தவறு என்று யாராவது ஒருவர் கருதினாலும் போதும், மறுபரிசீலனை செய்வோம். அந்த அன்பர் கையைத் தூக்கலாம். ஏற்கெனவே பெற்ற சலுகைகளைத் திருப்பித் தர வேண்டியிருக்கும். பாலிசியும் ரத்தாகும். அவ்வளவுதான்."

டெஸ் கையைத் தூக்கினார். எட்டுகிற மட்டும் உயரத் தூக்கினார்.

"மன்னிக்கணும். பாலிசிதாரர்களோட கையை மட்டும்தான் எண்ண முடியும்" என்றார் ராண்டல்.

டெஸ் நிமிர்ந்து தன் ஊரைப் பார்த்தார். கூடப் பள்ளிக்கூடம் போனவர்கள், காட்டுத்தீ அணைக்க ராத்திரி பகலாகக் கூட நின்றவர்கள், எல்லாரும் இருந்தார்கள். கைகள்தான் இல்லை. சிலருடையது பைக்குள் இருந்தது. சிலருடையது லாமிங்டனைப் பிடித்திருந்தது. ஹெக்டர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு கை போதும். ஆனால் அந்த ஒரு கை அடுத்தவனுடையதாக இருக்கட்டும் என்று அத்தனை பேரும் காத்திருந்தார்கள். ராண்டல் நிதானமாகப் பத்து எண்ணினார். ஏகமனதாக நிறைவேறியது என்று சொல்லி ரிப்பனை வெட்டினார்.

அதன் பிறகு ஊருக்கு டெஸ் மேல் பாசம் பொங்கியது. நாலு பேர் ஓடிவந்து அவரைப் பூப்போலத் தூக்கி வண்டியில் உட்காரவைத்தார்கள். வீட்டுக்கு வந்து படியேற்றியும் விடுகிறோம், என்ன வேணும்னாலும் கூப்பிடு, கூச்சப்படாதே என்றார்கள்.

நோரீன் வண்டியை எடுத்தாள். ஊர் எல்லை தாண்டியதும் டெஸ் கேட்டார்.

"அவனுங்களை விடு. நீயும் பாலிசிதாரர்தானே நோரீன்? உன் வாட்ச் ஆட்டுக்கிடாய் கழுத்துல தொங்குதுன்னு சொல்லியிருக்கலாமே. உன் கை எங்க போச்சு?"

நோரீன் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தூக்கத்தான் போனேன், டெஸ். சத்தியமாத் தூக்கத்தான் போனேன். ஆனா யோசிச்சுப் பாரு. உன் பாலிசி போச்சு. என்னுதும் போயிட்டா, ராத்திரி உன்னைத் தூக்கறப்போ என் முதுகு ஒடிஞ்சா யார் பார்ப்பா?"

டெஸ் யோசித்துப் பார்த்தார். அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.