தினமும் ஆறு மணிக்கு அழிந்த பதினாலு பக்கம்

சிதம்பரம்
ஜெபமாலை மாதமான அக்டோபர், இரண்டாம் வாரம், செவ்வாய்

பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய மாமா அடைக்கலராஜ் அவர்களின் சமூகத்துக்கு, மருமகன் மரிய அருள் பணிவோடு எழுதிக்கொண்டது. இயேசுவுக்கே புகழ். இங்கு நானும் உங்கள் மகள் ஜோதி மேரியும் சுகம். அங்கு நீங்களும் அத்தையும் சுகமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் உங்களுக்குச் சுகமில்லை என்று சிதம்பரத்திலிருந்து கடலூர் முதுநகர் வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தவனே நான்தான் என்பதால், அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

போனில் சொல்லியிருக்கலாம். இந்த வாரம் மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் அத்தைதான் எடுத்தார்கள். எடுத்ததும், "மாமாவுக்கு இன்னிக்கு எல்லாரையும் அடையாளம் தெரியுது மாப்ள, குடுக்கவா?" என்று சந்தோஷமாகக் கேட்டார்கள். அதற்குமேல் என்ன பேசுவது? பேனாவை எடுத்துவிட்டேன். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மாமா. உங்களுக்கு மறதி இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. மறந்தது கம்ப்யூட்டர். அதை மறக்கச் சொன்னது நான்.

குறிஞ்சிப்பாடி தாலுக்கா ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் இருந்து, ஒரு ஃபைலைக்கூடத் தொலைக்காமல் தலைமை எழுத்தராக ஓய்வு பெற்ற உங்களை, எங்கள் கல்லூரி வெள்ளி விழா மலரை எழுதித் தட்டச்சு செய்ய ஆள் வேண்டும் என்று கூட்டிவந்தவனும் நானே. அந்த நேரம்தான் நான் கல்லூரியில் இருந்த பழைய கம்ப்யூட்டரை எல்லாம் கழித்துக்கட்டி, கீழ்த்தளத்தில் ஏசி ரூமுக்குள் ரெண்டு சர்வரை நிறுத்தி, நூற்றிருபது கம்ப்யூட்டரையும் அதற்குள்ளேயே குடிவைத்தேன். மேசையில் திரையும் கீபோர்டும் டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பெட்டியும் மட்டும் இருக்கும், கம்ப்யூட்டர் என்று நாம் பார்ப்பது சர்வருக்குள் இருக்கும் என்று உங்களுக்கு விளக்கினேன். "இருக்கு, ஆனா இங்க இல்ல. நம்ம வாரிசுச் சான்றிதழ் மாதிரி" என்று நீங்கள் சொல்லி ஆபீஸே சிரித்தது. அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை. என்னைப் போல ஒரு சிஸ்டம் அட்மின் இந்தக் கடலூர் மாவட்டத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டு ஒரு வாரம் நடந்தேன்.

இனிமேல்தான் என் வண்டவாளம். சர்வருக்குள் ரெண்டு பிரிவு வைத்தேன். மாணவர் பிரிவில் பசங்கள் விளையாட்டு ஏற்றுவார்கள், கண்ட படத்தையும் வால்பேப்பராக வைப்பார்கள் என்பதால், தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு டெஸ்க்டாப்பில் இருப்பதெல்லாம் அழிந்து, காலையில் புத்தம் புதுசாக எழுந்து நிற்கும். ஆபீஸ் பிரிவில் எதுவும் அழியாது. ஆனால் ஆபீஸ் பிரிவில் இருபது பேருக்குத்தான் இடம், ஆபீஸில் ஆள் இருபத்தோரு பேர். ஒருத்தரை மாணவர் பக்கம் தள்ளியாக வேண்டும். கடைசியில் மிஞ்சியது நீங்களும் முதல்வரோட உதவியாளர் பிரிசில்லாவும். ஏற்கெனவே உங்க சீட்டுக்கு மேல புது ஃபேன் ஓடுதுன்னு, "மாமனாருக்கு மட்டும் ஸ்பெஷல் காத்து"ன்னு ஒரு பேச்சு ஓடிக்கிட்டிருந்தது. சொந்தக்காரருக்குச் சலுகை காட்டினான்ற பேர் எனக்கு வரக்கூடாது. வெளி ஆளை மாணவர் பக்கம் போட்டா சண்டைக்கு வருவாங்க, நம்ம மாமாதானே, அட்ஜஸ்ட் பண்ணிக்குவாருன்னு உங்க பேரை அந்தப் பக்கம் போட்டேன். மதியம் சாப்பாட்டு நேரத்துல சொல்லிக்கலாம்னு இருந்தேன். அன்னிக்கு அத்தை குடுத்தனுப்பின வஞ்சிரக் குழம்பை நீங்க தூக்கோட என் டேபிள்ல வச்சீங்க. சாப்பிட்டதுல சொல்ல மறந்துட்டேன்.

மறந்தேன் மாமா. நான் மறந்தேன். ரெண்டாவது தடவை எழுதினாலாவது உறைக்குதான்னு பாக்கறேன்.

ஒரு சுற்றறிக்கை அனுப்பினது நிஜம். மாணவர் பிரிவுல இருக்கறவங்க எதையும் டெஸ்க்டாப்பில் சேமிக்காதீங்க, இசட் டிரைவ்னு ஒண்ணு இருக்கு, அதுல போட்டா அழியாது, எல்லாரும் அதைத் திறந்து பாத்துப் பழகுங்கன்னு நாலு பத்தி இலக்கணச் சுத்தமா எழுதி அனுப்பினேன். நீங்களும் அதை அசட்டை பண்ணல. "முக்கியம், நாளை நிதானமாகப் படிக்க"ன்னு பேர் வச்சு டெஸ்க்டாப்பிலேயே சேமிச்சிருக்கீங்க. ஆறு மணிக்கு அதுவும் போயிடுச்சு.

அதுக்கப்புறம் முப்பத்தாறு நாள். காலையில முதல் பஸ்ஸைப் புடிச்சு எட்டேகாலுக்கே வந்து உக்காந்து, வெள்ளைத் திரையைப் பாத்துட்டு, நேத்து அடிச்சது நேத்தா இல்ல கனவான்னு தெரியாம, யார்கிட்டயும் கேக்க மனசில்லாம, முதல் பக்கத்துல இருந்து திரும்ப ஆரம்பிச்சிருக்கீங்க. தினமும் பதினாலு பக்கம். ஒரு நாள் பதினெட்டு. அத்தைகிட்ட மட்டும், "செல்வி, நான் அடிச்சதா நெனக்கிறது எதையும் நான் அடிக்கலடி"ன்னு சொன்னீங்களாம். அத்தை ஜோதிகிட்ட சொன்னாங்க. ஜோதி என்கிட்ட அழுதா. அன்னிக்கு உங்க சீட்டுக்கு வந்து ஒரு தடவை எட்டிப் பாத்திருந்தா ரெண்டு நிமிஷத்துல விளங்கியிருக்கும். மாமனார் சீட்டையே சுத்துறான்னு சொல்லுவாங்கன்னு வரல. "வயசாயிடுச்சுல்ல ஜோதி, அப்படித்தான் இருக்கும்"னு ஆறுதல் சொல்லிட்டு ரெண்டாவது தோசை கேட்டேன்.

ஜூலை கடைசியில முதல்வர் கூப்பிட்டு மலர் எங்கேன்னு கேட்டாரு. நீங்க எழுந்து நின்னு, "அடிச்சேன்னு நெனச்சேன் சார், ஞாபகம் இல்ல"ன்னு சொன்னீங்க. நானும் அந்த ரூம்லதான் புரொஜெக்டர் வயரை மாட்டிக்கிட்டிருந்தேன். உங்க முகத்தைப் பாக்காம வயரையே பாத்தேன். ரெண்டு வாரத்துல ராஜினாமா குடுத்துட்டீங்க. போனவரோட கணக்கை நீக்குறது என் வேலை. ஆகஸ்ட் பதினெட்டு காலையில உங்க பேரை எடுத்து நீக்கப் போறப்பதான், எந்தப் பிரிவுன்னு அது கேட்டுச்சு, மாணவர்னு காட்டுச்சு. சர்வர்ல எல்லாத்துக்கும் பதிவு இருக்கும். ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்கு என்னென்ன அழிஞ்சதுன்னு பட்டியலா வந்தது. வெள்ளி விழா மலர், வெள்ளி விழா மலர்னு முப்பத்தாறு வரி.

அன்னிக்கே பஸ் ஏறி வந்து உங்க கால்ல விழுந்திருக்கணும். செப்டம்பர்ல என் காண்ட்ராக்ட் புதுப்பிக்கணும், வாயைத் திறந்தா வேலை போயிடும்னு பயம். சரி, காண்ட்ராக்ட் முடியட்டும்னு இருந்தேன். அதுக்குள்ள வீட்டுல வைத்தியம் ஆரம்பிச்சிருச்சு. அத்தை காலையில வல்லாரைத் துவையல், மதியம் வல்லாரைக் கூட்டு, சாயங்காலம் வல்லாரை மோர்னு இறங்கினதுல, மஞ்சக்குப்பம் மார்க்கெட்ல கீரைக்கார அம்மா உங்களுக்குன்னே தனியா கட்டு எடுத்து வைக்கிறாங்களாம். செவ்வாய்க்கிழமை தவறாம அந்தோணியார் கெபியில மெழுகுவர்த்தி. காணாமப் போனதை எல்லாம் கண்டுபுடிச்சுக் குடுக்கிற புனிதரு, உங்க ஞாபகத்தைத் தேடி எங்க போவாரு பாவம், அது போனாத்தானே? அத்தை உங்க டிவிஎஸ் வண்டிச் சாவியை ஒளிச்சு வச்சுட்டு, ஒளிச்ச இடத்தை மறந்துட்டு வீட்டையே கவுத்துப் போட்டாங்க. "அரிசி டின்ல பாரு"ன்னு சொன்னது நீங்கதான். அப்பவும் அத்தை, "அந்தோணியாரே சொல்ல வச்சாரு"ன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்களே தவிர, மறதி யாருக்குன்னு ஒருத்தருக்கும் தோணல.

இதுல என் பங்கும் உண்டு. "என் பெயர் அடைக்கலராஜ். நான் வழி தவறினால் கீழ்க்கண்ட எண்ணுக்குத் தெரிவிக்கவும்"னு அட்டை அடிச்சு, லேமினேட் பண்ணி, உங்க சட்டைப் பையில வச்சது நான். பத்து வருஷமா உங்களைத் தெரிஞ்ச கண்டக்டர் அதை எடுத்து பஸ்ஸுக்கே கேக்கற மாதிரி வாசிச்சாராம். பாண்டிச்சேரிக்கு ஞாபக டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனதும் நான், உண்மை தெரிஞ்சு ஒரு மாசம் கழிச்சு. அவரு மூணு வார்த்தையைச் சொல்லி, பத்து நிமிஷம் கழிச்சுக் கேட்டாரு. மூணையும் சொன்னீங்க. கூடவே, "முன்னாடி போன பேஷண்டுக்கும் இதே மூணுதான் கேட்டீங்க டாக்டர், வெளிய கேட்டுச்சு"ன்னும் சொன்னீங்க. டாக்டர் என்னைப் பாத்தாரு. நானா? "சில நாள் நல்லா இருப்பாரு சார். ஆனா போன்ல எப்பப் பாத்தாலும், 'நம்ம ஃபோல்டரைத் திறந்து பாத்தீங்களா மாப்ள'ன்னு விட்டுட்டுப் போன வேலையையே புலம்புறாரு"ன்னு சாட்சி சொன்னேன். அவரும் மாத்திரை எழுதினாரு.

எல்லாத்தையும்விட ஞாயிற்றுக்கிழமைதான் என்னைக் கொல்லுது. இருபத்தெட்டு வருஷமா கோயில்ல பூசைக்கு பைபிள்ல இருந்து முதல் வாசகம் வாசிக்கிறது நீங்கதான். மைக் போனாலும் கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கும். ராஜினாமா குடுத்த வாரமே, "வரி தவறிடும் ஃபாதர்"னு சொல்லி இறங்கிட்டீங்க. இப்ப வாசிக்கிற தம்பி கடைசி பஸ்ஸைப் புடிக்கப் போறவரு மாதிரி வாசிக்கிறாரு. நீங்க நாலாவது பெஞ்சுல உக்காந்து உதட்டை மட்டும் அசைச்சுக்கிட்டிருக்கீங்க. போன ஞாயிறு அதைப் பாத்தேன் மாமா. நற்கருணை வாங்க நான் எழுந்திரிக்கல.

ஆகவே மாமா அவர்கள் இந்தப் பாவியை மன்னிக்க வேண்டும். கூடவே ஒரு சின்ன வேண்டுகோள். காண்ட்ராக்ட் புதுப்பித்து மூன்று வாரம்தான் ஆகிறது. ஆகையால் இந்த விஷயம் நம் இருவருக்குள்ளேயே இருக்கட்டும். முதல்வருக்கோ பிரிசில்லாவுக்கோ ஜோதிக்கோ தெரிய வேண்டாம். நீங்கள் ஒரே நாளில் குணமாகாமல், வாரத்துக்குக் கொஞ்சமாக ஞாபகம் திரும்புவது போல நடந்துகொண்டால், கிறிஸ்துமஸுக்குள் வல்லாரை வேலை செய்துவிட்டது என்று எல்லாரும் நம்பிவிடுவார்கள். அத்தைக்கும் சந்தோஷம், அந்தோணியாருக்கும் நல்ல பெயர்.

அத்தைக்கு என் பணிவான வணக்கங்கள். அக்கம்பக்கத்தில் என்னை விசாரித்தவர்களுக்கும், இனிமேல் விசாரிக்காமல் விடப்போகிறவர்களுக்கும் என் அன்பு. உங்கள் ஆசீரை எதிர்பார்க்கும் தகுதி இல்லாவிட்டாலும் எதிர்பார்த்தே நிற்கும்,

மருமகன்
மரிய அருள்

பின்குறிப்பு (புதன், மதியம்): மாமா, மேலே எழுதினதுல வேண்டுகோள் விட்டேனே, அந்தப் பத்தியை அடிச்சுட்டதா வச்சுக்குங்க. நீங்க நம்பணுமேன்னு அந்த முப்பத்தாறு வரிப் பட்டியலை அச்செடுத்து இந்தக் கடிதத்தோட வைக்கலாம்னு இன்னிக்குக் காலையில சர்வரைத் திறந்தேன். பக்கத்துல இசட் டிரைவ். எல்லாரும் திறந்து பாருங்கன்னு நாலு பத்தி எழுதின நான், ஒரு நாளும் திறந்து பாக்காத இசட் டிரைவ். அதுல உங்க பேர்ல ஒரு ஃபோல்டர். உள்ளே ரெண்டு ஃபைல். ஒண்ணு வெள்ளி விழா மலர், பதினாலு பக்கமும் முழுசா, முப்பத்தேழாவது தடவை அடிச்சது. இன்னொண்ணு "மாப்பிள்ளைக்கு". நீங்க வேலையை விட்டுப் போறதுக்கு முந்தின நாள் தேதி. நீங்க எழுதினதை உங்களுக்கே எழுதிக் காட்டுறேன், நான் படிச்சுட்டேன்னு உங்களுக்குத் தெரியணும்:

"பொருள்: எனது டெஸ்க்டாப் தினசரி அழிதல் தொடர்பாக. பார்வை: தங்கள் சுற்றறிக்கை. பார்வையில் கண்டதை மெயிலில் தேடி எடுத்து இன்றுதான் முழுசாகப் படித்தேன். மறதி எனக்கில்லை என்று தெரிந்து நிம்மதி. ஆனால் முதல்வரிடம் ஞாபகமில்லை என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. இப்போது கம்ப்யூட்டர்தான் காரணம் என்றால், ஆபீஸ் ஆளை மாணவர் பிரிவில் போட்டது யார் என்று கேட்பார்கள். செப்டம்பரில் உங்கள் காண்ட்ராக்ட் இருக்கிறது. எனக்கு அறுபத்தாறு ஆகிறது, மறதி என்றால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஜோதிக்குத் தெரிய வேண்டாம், உங்கள் மேல் அவளுக்கு இருக்கும் மரியாதை குறையும். பிரிசில்லா நம்ம கோயிலுக்கு வரும் பிள்ளை, ஆகவே கொஞ்ச நாள் வாசகமும் வாசிக்க முடியாது. அது ஒன்றுதான் கஷ்டமாக இருக்கிறது. இதைப் படித்ததும் சொல்லுங்கள், ஞாபகம் திரும்பிவிட்டது என்று சொல்லிவிடுகிறேன். உங்களைக் கோபித்து என்ன செய்வது, நம்ம மாப்பிள்ளைதானே."

ரெண்டு மாசமா போன்ல, "நம்ம ஃபோல்டரைத் திறந்து பாத்தீங்களா மாப்ள"ன்னு கேட்டதுக்கு இப்ப பதில் சொல்றேன் மாமா. பாத்துட்டேன்.

பதினோரு மணிக்கு முதல்வர்கிட்ட போய் எல்லாத்தையும் சொல்லிட்டேன். "என் டெஸ்க்டாப் எந்தப் பிரிவுல இருக்கு?"ன்னு கேட்டாரு. காண்ட்ராக்டைப் பத்தி யோசிச்சுச் சொல்றாராம். பிரிசில்லாகிட்ட சொன்னேன், "அங்கிள் வாசிச்சாத்தான் எனக்கு வாசகமே புரியும்"னு அழுதுடுச்சு. ஜோதிகிட்ட போன்ல சொன்னேன், அவ போனை வச்சுட்டா. பங்கு ஃபாதர்கிட்டயும் பேசிட்டேன். இந்த ஞாயிறு முதல் வாசகம் உங்களோடது. நான் நாலாவது பெஞ்சுல இருப்பேன்.

அத்தைகிட்ட மட்டும் ஒண்ணு சொல்லுங்க. மீதி இருக்கிற வல்லாரையைக் கொட்டிட வேணாம். ஞாயிற்றுக்கிழமை வந்து நான் சாப்பிடறேன்.