விருந்தாளிப் பங்கு

மாதச் சம்பளம் வாங்குகிறவனுக்குப் பணத்தை ஆளத் தெரியும் என்று ஊர் நம்புகிறது. நானும் நம்பினேன். என் பெண்டாட்டி ரெஜினா மட்டும் நம்பவில்லை. அவள் கணக்குத் தப்பியதே இல்லை.

எங்கள் வம்சத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். பாம்பன் ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா. அய்யா, அண்ணன்மார், சின்னையா எல்லாரும் தங்கச்சிமடத்தில் கடலுக்குப் போகிறவர்கள். அன்றைக்கு வந்தது அன்றைக்குச் செலவு. "கடல் எந்தக் காலத்துல ஒன்னாந்தேதி பாத்துக் காசு குடுத்துச்சு" என்பார் அய்யா. நான் ஒன்றாந்தேதி வாங்கியதைக் கடற்கரைக்காரன் மாதிரியே செலவழித்தேன். முதல் வாரம் சீலா மீனும் கோழியும். மூன்றாம் வாரம் கருவாடு. நான்காம் வாரம் பக்கத்து வீட்டுக் கருவாட்டின் வாசனை.

ரெஜினாவுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. கன்னியாஸ்திரீகளிடம் தையல் படித்தவள். "ஒரு கைமிஷின் இருந்தா நாலு வீட்டுக்குத் தச்சுக் குடுப்பேன். மாசக் கடைசில அரிசிப் படியைத் தூக்கிட்டு அடுத்த வீட்டு வாசல்ல நிக்க முடியலங்க. பிள்ளை பிறக்குறதுக்குள்ள வாங்கிரணும்" என்றாள். அவள் அதற்கு முன்னால் என்னிடம் எதையுமே கேட்டதில்லை. (கேட்டாலும் கிடைக்காது என்பது தெரிந்திருக்கும்.)

அந்த வாரம் யாரோ பயணி ஸ்டேஷன் பெஞ்சில் விட்டுப்போன பத்திரிகையில் ஒரு யோசனை படித்தேன். சம்பளம் வந்தவுடன் ஒவ்வொரு செலவுக்கும் ஒரு கவராகப் பிரித்துப் போட்டுவிட வேண்டும். அரிசிக் கவரில் இருப்பது அரிசிக்கு மட்டும். தீர்ந்தால் தீர்ந்தது, அடுத்த கவரைத் தொடக்கூடாது. உலகத்தையே திருத்தப் போகிறவன் மாதிரி வீட்டுக்கு வந்தேன். பழைய தபால் கவர்களைப் பிரித்து, உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, சோற்றுப் பசை போட்டு ஒட்டினேன். அரிசி, மண்ணெண்ணெய், வைத்தியம், கோவில், விருந்தாளி, தையல் மிஷின் என்று கொட்டை எழுத்தில் எழுதி, சுவரில் வலைக்கயிறு கட்டி வரிசையாகத் தொங்கவிட்டேன்.

ரெஜினா இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

"கருவாடு காயப்போட்ட மாதிரி இருக்கு. காக்கா வராமப் பாத்துக்கங்க."

"இது விஞ்ஞானம்."

"இருக்கட்டும். என் பேருல ஒரு கவரையும் காணமே."

"எல்லாமே உனக்காகத்தானே" என்றேன். (ஆம்பிளைகள் எல்லாரும் சொல்கிற பதில்தான்.)

நான்கைந்து மாதம் ஓடியது. மிஷின் கவர் பருத்தது. அப்போதுதான் அய்யாவின் தம்பி சந்தியாகு சின்னையா வந்தார்.

இந்த இடத்தில் எங்கள் கரை வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மீன் விற்ற காசைக் கரையிலேயே பிரிப்பார்கள். வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஏறின ஆளுக்கு ஒரு பங்கு, கோவிலுக்கு ஒரு பங்கு. வள்ளத்தின் பங்கு வள்ளக்காரனுக்கு, வலையின் பங்கு வலைக்காரனுக்குப் போய்விடும். ஒருவன் பங்கை இன்னொருவன் தொடமாட்டான். முக்கியமாக, தன் பங்கை எடுக்காமல் போகிறவன் கோபித்துக்கொண்டு போகிறான் என்று அர்த்தம். நான் இந்த வழக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவன். சுவரில் கயிறு கட்டிப் பங்கு பங்காகத் தொங்கவிட்டபோது இது என் மண்டையில் உறைக்கவே இல்லை.

நான் டூட்டியில் இருந்தபோது வந்திருக்கிறார் சின்னையா. எழுத்துத் தெரியாதவர். ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, "இது என்ன பங்கு தாயி?" என்று கேட்டிருக்கிறார். ரெஜினா வாசித்துக்கொண்டே வந்து, "இது விருந்தாளிக்கு மாமா" என்றிருக்கிறாள்.

சின்னையாவுக்குக் கண் கலங்கிவிட்டதாம். "நான் வருவேன்னு எடுத்து வச்சிருக்கானா" என்று கவரை எடுத்துக் கண்ணில் ஒற்றி மடியில் கட்டிக்கொண்டார்.

"நீ ஏன் ஒன்னும் சொல்லல?" என்று அவளிடம் கத்தினேன்.

"வீட்டுக்கு வந்த பெரிய மனுசர் கைலயிருந்து புடுங்கச் சொல்றீங்களா? நீங்கதானே எழுதி வச்சீங்க."

சின்னையா தங்கச்சிமடம் முழுக்கச் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சொந்தக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். ஆசைப்பட்டு வரவில்லை, அதுதான் எரிச்சல். பங்கு எடுத்து வைத்திருக்கிறானே, போய் வாங்காவிட்டால் பையன் மனசு நோகும் என்று வந்தார்கள். மாமா வந்தார், பெரியம்மா வந்தாள், என் கல்யாணத்துக்கே வராமல் முறைத்துக்கொண்டு இருந்தவரும் வந்து சமாதானமானார். எல்லாரும் சாப்பிட்டார்கள். கிளம்பும்போது சுவரைப் பார்த்து மரியாதையாக நின்றார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விருந்தாளிக் கவருக்கு அரிசிக் கவரிலிருந்து எடுத்தேன். அரிசிக்கு மண்ணெண்ணெயிலிருந்து எடுத்தேன். ரெஜினா இருட்டில் சோறு பொங்கினாள்.

"மிஷின் கவரை மட்டும் தொட்டீங்க, நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்" என்றாள்.

தொடவில்லை. நான் தொடவில்லை.

சின்னையா மறுபடி வந்த அன்று நான் வீட்டில் இருந்தேன். இருந்ததுதான் கேடு. தடித்த கவரைப் பார்த்து, "ஏலே, இது யாரு பங்கு?" என்றார்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "அது தையல் மிஷினுக்கு சின்னையா" என்றேன்.

"மிஷினுக்கும் எடுத்து வச்சிருக்கியா. நீ மனுசன்லே" என்றார். அந்தப் புகழ்ச்சியில் குளிர்ந்துபோய், ரயிலுக்கு நேரமாச்சு என்று ஸ்டேஷனுக்குப் போனேன். ரெஜினா கிணற்றடியிலிருந்து வந்து பார்த்தபோது சின்னையாவும் இல்லை, கவரும் இல்லை.

அவருடைய மருமகன் கபிரியேல் ஒரு டெய்லர். என் கல்யாணச் சட்டையைத் தைத்துவிட்டுக் கூலி வாங்காதவன். வலைப் பங்கு வலைக்காரனுக்கு என்றால் மிஷின் பங்கு மிஷின்காரனுக்குத்தானே என்று சின்னையா கவரை அவன் கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

பறித்துக்கொண்டு வருவதாகச் சபதம் போட்டுத் தங்கச்சிமடம் போனேன். கபிரியேல் கடை வாசலில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். நடுவில் சின்னையா. "மிஷினுக்கும் பங்கு பிரிச்சவன் இந்தா வாரான்" என்றார். ஒருவர் என் தோளைத் தட்டினார். கபிரியேல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், இத்தனை வருசத்துல எவனும் இப்படி நினைச்சதில்ல" என்றான்.

வீட்டுக்குத் திரும்பினேன்.

"கேட்டீங்களா?"

"கேக்கத்தான் போனேன்."

"அப்புறம்?"

"எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்துட்டு வந்தேன்."

ரெஜினா அரிசிப் படியை எடுத்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி அடுத்த வீட்டுக்கு நடந்தாள். அவள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது கோபம் சின்னையா மேல் வரவில்லை, அந்தப் பத்திரிகைக்காரன் மேலும் வரவில்லை. வரவேண்டிய ஆள் மேல் வந்தது.

இரண்டு நாள் கழித்துக் கபிரியேல் மிஷினைத் தலையில் சுமந்துகொண்டு வந்து இறங்கினான். "பங்கு வாங்கின வள்ளம் கரையில கிடக்கலாமா மச்சான்? உங்க வீட்டுக்கு உழைக்கணும்ல" என்றான். உழைத்தான். தலையணை உறை தைத்தான். என் பழைய வேட்டியில் திரைச்சீலை தைத்தான். தைக்க ஒன்றும் இல்லாதபோது திரைச்சீலையைப் பிரித்துப் பை தைத்தான். மூன்று வேளையும் சாப்பிட்டான். நல்ல மனுசன், நல்ல பசி.

ஒரு காலையில் ரெஜினா அவனுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டே கேட்டாள். "அண்ணே, மாமா எடுத்தது யாரு பங்கு? உங்க பங்கா, மிஷின் பங்கா?"

"மிஷின் பங்குதான் தங்கச்சி."

"அப்ப மிஷின்தானே உழைக்கணும். அது இங்கன கிடக்கட்டும். நீங்க கடைல இன்னொரு மிஷின் வச்சிருக்கீங்கல்ல, அதைப் போய்ப் பாருங்க. பங்குக் கணக்குத் தீரவும் சொல்லி அனுப்புறேன்."

கபிரியேல் கஞ்சியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சாயங்கால வண்டிக்குக் கிளம்பினான். அன்றைக்கே ரெஜினா பிள்ளைக்குச் சட்டை வெட்ட உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுக்காரி கடனாகக் கொடுத்த அரிசிக்கு இரண்டு ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். மகள் பிறந்து நடக்கத் தொடங்கும் முன்னால் சொந்த மிஷின் வந்தது. கபிரியேலின் மிஷின், எண்ணெய் போட்டுத் துடைத்து, மரியாதையாகத் தங்கச்சிமடம் போய்ச் சேர்ந்தது.

நடுவில் சின்னையா ஒருமுறை வந்தார். சுவரில் புதுக் கவர்கள் தொங்கின.

"இது யாரு பங்கு தாயி?"

"ரெஜினா."

"இது?"

"ரெஜினா."

கயிறு நெடுகிலும் அதுதான். அடுத்தவர் பங்கு என்று சின்னையா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கடைசியில் ஒரு கவர் வேறு மாதிரி இருந்தது, என் பழைய கொட்டை எழுத்து.

"இது விருந்தாளி" என்றாள். அவர் கை முன்னால் வந்தது. "உங்களுக்கு இல்ல மாமா. இந்தா நிக்கிறாரே உங்க அண்ணன் மகன், அவருக்கு. கைல காசு வந்தா வாரவுக போறவுகளுக்கெல்லாம் பந்தி வச்சுட்டு, வீட்டுல சாப்பிட மட்டும் வாராருல்ல."

டீக்கும் வெற்றிலைக்கும் அளந்து வைத்த சில்லறை அதில் இருந்தது. இன்றைக்கும் என் பென்ஷன் ரெஜினா கவர்களுக்குள் போய், எனக்கானது அந்தக் கவர் வழியாகத்தான் திரும்பி வருகிறது. நான் கடைத்தெருவிலிருந்து வந்து செருப்பைக் கழற்றினால், பேரன் பேத்திகள் அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுக்கிறார்கள்.

"அம்மாச்சி, விருந்தாளி வந்தாச்சு."