உன் அக்காவைச் சைக்கிள் ஏற்றி மலைக்கு அனுப்பியது பற்றி

திருவாமாத்தூர்,
தை மாதம், வெள்ளிக்கிழமை.

திண்டிவனத்தில் மனைவி மக்களோடு சுகமாக இருந்துவரும் மைத்துனர் சிரஞ்சீவி குமரேசனுக்கு, மாமன் பெரியதம்பி ஆசிகள் பல சொல்லி எழுதிக்கொண்டது. அபிராமேஸ்வரர் கிருபையில் உன் அக்கா கிருஷ்ணவேணி சௌக்கியம். நான் சௌக்கியமில்லை. அங்கு அருணாவும் பிள்ளைகளும் சௌக்கியமாகத்தான் இருப்பார்கள் என்று நம்புகிறேன், ஏனென்றால் அவர்களை நீ எந்த மலைக்கும் அனுப்பவில்லை.

போனில் பேசாமல் கடுதாசி எழுதுகிறேனே என்று நினைக்காதே. போனில் பேசினால் உன் அக்கா காதில் விழும். நீயும் நடுவில் சிரிப்பாய். இது சிரிக்கிற விஷயமில்லை. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி முடித்து, தலைமயிர் இப்போதுதான் நாற்றங்கால் மாதிரி முளைத்து வருகிற அக்காவுக்குத் தம்பியானவன் மாதுளம்பழம் வாங்கி வருவான், சத்துமாவு அரைத்து வருவான். நீ என்னடாவென்றால் இரண்டு நாள் மலைச் சைக்கிள் சுற்றுலா, காட்டு வழி, கிராமத்துச் சாப்பாடு, கூடவே கைடு என்று புருஷன் பொண்டாட்டி இரண்டு பேருக்கும் பதிவு செய்துவிட்டு வந்து நிற்கிறாய். வேண்டாம் என்று சொல்வார் என்ற தைரியத்தில்தான் டாக்டரம்மாவிடம் கேட்டேன். அந்தம்மா, “தாராளமா போகட்டுங்க, முடிஞ்ச வரைக்கும் மிதிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு என் பிரஷரைப் பார்த்து, “நீங்கதான் ஜாக்கிரதையா இருக்கணும்” என்றது. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

செஞ்சிக்கு அந்தாண்டை காட்டோரத்துல எங்களை இறக்கி விட்டாங்க. கைடுன்னு வந்தது கலைமதின்னு ஒரு பொண்ணு. நல்ல பொண்ணு, அதுமேல குத்தம் சொல்லல. ஆனா அது குடுத்த சைக்கிள் இருக்குதே, டயரு டிராக்டர் மாதிரி, சீட்டு அருவாமணை மாதிரி, கேரியர் இல்ல, ஸ்டாண்டு இல்ல, ஒரு மணி கூட இல்ல. “மணி இல்லாம எப்பிடிம்மா ஓட்றது?”ன்னேன். “காட்டுல யாருக்கு அங்கிள் அடிக்கப் போறீங்க?”ன்னுது. மல்லாட்டை மூட்டைய கட்டிக்கினு விக்கிரவாண்டி வரைக்கும் சைக்கிள் மிதிச்ச ஆளுடா நான், எனக்கு சைக்கிள் தெரியாதான்னு ஏறி உக்காந்தேன். கியர மாத்துன்னாங்க, மாத்தினேன், செயின் கழண்டுச்சி. மாட்டிக்கினு மாத்தினேன், மறுபடியும் கழண்டுச்சி. கூட வந்த சென்னைப் பசங்கள்லாம் சர்ருன்னு மேல போய்க்கினே இருக்காங்க, உன் அக்காவும் நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கிக்கினு மேல போயிட்டா, நான் மட்டும் கையெல்லாம் கிரீஸோட சைக்கிள தள்ளிக்கினு போறேன்.

ஏறினது பெரிசில்ல, எறங்கும்போதுதான் பேஜாரு. முன்பிரேக்க மட்டும் புடிச்சா சைக்கிள் நிக்கும், ஆளு நிக்கமாட்டான்னு கலைமதி முதல்லயே எல்லாருக்கும் சொல்லிச்சாம். அப்ப நான் உன் அக்கா தலைல ஹெல்மெட்டு ஒழுங்கா நிக்குதான்னு பாத்துக்கினு இருந்தேன், கேக்கல. சரிவுல பயந்து புடிச்சேன். சைக்கிள் நின்னுச்சி. நான் கம்பிய தாண்டிப் போய் சூரைமுள்ளுல உழுந்தேன். உன் அக்கா திரும்பிப் பாத்தா. ஓடி வருவான்னு நினைச்சேன். வயித்தப் புடிச்சிக்கினு சிரிச்சா, குமரேசா. ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பிச்சதுலேர்ந்து அவ அப்பிடி சிரிச்சி நான் பாக்கல. அதனால கொஞ்ச நேரம் முள்ளுலயே கெடந்தேன்.

கலைமதி முள்ளெல்லாம் புடுங்கி முடிச்சி நிமிந்து பாத்தா, உன் அக்காவக் காணோம். கீழ வழி ரெண்டா பிரியுது. சென்னைப் பசங்க ஒரு வழியில போய் நின்னுக்கினு இருக்காங்க, இவ அங்க வரலங்கறாங்க. அப்ப எனக்கு என்ன ஆச்சின்னு எழுதத் தெரியல. வழியோர ஓடைல எட்டி எட்டிப் பாத்தேன். மயங்கி உழுந்திருப்பாளா, ரத்தம் கம்மின்னு சொன்னாங்களே, உழுந்தா யாரு பாக்கறது, உனக்கு என்னான்னு சொல்றது. “வேணீ வேணீ”ன்னு கத்திக்கினே எறங்கினேன். கீழ ஒரு சின்ன ஊரு. முதல் வூட்டு வேலியில அவ ஹெல்மெட்டு மட்டும் தொங்கிக்கினு இருக்குது. நான் அங்கயே உக்காந்துட்டேன்.

உள்ளேர்ந்து பேச்சுச் சத்தம் வந்துச்சி. எட்டிப் பாத்தா, மல்லாட்டைச் செடியக் குமிச்சி வெச்சிக்கினு அஞ்சம்மாள்னு ஒரு அம்மா கடலைய ஆஞ்சிக்கினு இருக்குது, எதிர்ல உன் அக்கா, அவளும் ஆஞ்சிக்கினு இருக்கறா. அந்தம்மா அவ தலையப் பாத்துட்டு, “திருப்பதிக்கா, மேல்மலையனூருக்கா?”ன்னு கேட்டுது. “வேண்டுதல் இல்லக்கா, மருந்துல கொட்டிப் போச்சி”ன்னா இவ. அந்தம்மா கைய நிறுத்திடுச்சி. “என் மருமவளுக்கும் இதான். போன ஆடில போய்ட்டா”ன்னுது. வாடி போலாம்னு இழுக்கப் போனேன், உன் அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பாக்காம, “கடைசில ரொம்ப வலிச்சுதா?”ன்னு கேட்டா. “வலிச்சுது. ஆனா பேசிக்கினேதான் இருந்தா”ன்னுது அந்தம்மா. உன் அக்கா தலைய ஆட்டிட்டு அடுத்த செடிய எடுத்தா. ஆறு மாசமா இந்த ஒரு வார்த்தைய அவ என்னாண்ட கேக்கல, நானும் அவளாண்ட பேசல, காட்டுல யாரோ ஒருத்தி வாசல்ல உக்காந்து கேக்கறா.

வெளிய வந்ததும் திட்டினேன். ஊரே கேக்க திட்டினேன். அவ ஹெல்மெட்ட மாட்டிக்கினே, “வூட்ல இருந்தா நான் பேஷண்டு. இங்க உழுந்தா உழுந்தவ, அவ்ளோதான். உட்டுடுங்க”ன்னா. மறுநாள் நான் எல்லாரோட சாமானும் ஏத்திக்கினு வர்ற வேன்ல பின்னால வந்தேன். அவ மிதிச்சா. ஒவ்வொரு வளைவுலயும் அவ முதுகு மறையும், நான் டிரைவர ஜல்தி ஜல்திம்பேன், திரும்ப தெரியும். அந்த ரெண்டு நாள்ல எனக்கு இருந்த உசுரு பாதியாப் போச்சி. வூட்டுக்கு வந்த அன்னிக்கு அவ ரெண்டு சொம்பு கேப்பங்கூழு குடிச்சிட்டு தூங்கினா. எழுந்ததும், அந்த மாதிரி ஒரு சைக்கிள் வாங்கிக் குடுங்கறா!

ஆகையால் குமரேசா, நான் கண்டிப்பாகச் சொல்வது இது. நீதான் ஆரம்பித்தாய், நீயே வந்து அவளிடம் வேண்டாம் என்று சொல்லி நிறுத்து. இனிமேல் சைக்கிள், மலை, கைடு என்று நீ வாயெடுத்தால் உன் வீட்டு வாசற்படி மிதிக்கமாட்டேன். கலைமதியின் நம்பரை அவள் போனிலிருந்து நானே அழித்துவிட்டேன். நீயும் அழித்துவிடு.

நோய் நொடி உன் தெருப்பக்கம் திரும்பாமல், நீயும் இனி வேறு யாருக்கும் சுற்றுலா பதியாமல், பிள்ளைகளோடு நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
உன் மாமன்,
பெரியதம்பி

பின்குறிப்பு: ஒட்டின கவரைப் பிரிச்சி எழுதறேன். டாக்டரம்மா போன் பண்ணிச்சி. போன வாரம் எடுத்த ஸ்கேன்ல மறுபடியும் தெரியுதாம், இந்தத் தபா ஈரல்ல. மாசி பொறந்ததும் மருந்து ஏத்தணுமாம். உன் அக்கா கோழிக்குத் தண்ணி வெச்சிக்கினு இருந்தா. சொன்னேன். தண்ணிய முழுசா ஊத்திட்டு, “மாசிக்கு இன்னும் நாள் இருக்குதில்ல?”ன்னா. மேல எழுதினது எதையும் மனசுல வெச்சிக்காதப்பா. அந்தப் பொண்ணுக்கு இன்னிக்கே போன் பண்ணு. ரெண்டு பேருன்னு சொல்லு. போன மலைய விட ஒசரமா இருந்தாலும் பரவால்ல, அவ எவ்ளோ தூரம் ஏறணும்னாலும் ஏறட்டும். நானும் மிதிக்கறேன்.