சைலன்சர் முதுகில் ஒரு சிங்கம்

தன் உடம்பில் நடப்பதைத் தன் வாயால் யாரிடமும் சொல்லாமல் அறுபது வயதைத் தாண்டிய ஒரே மனிதர், சங்ககிரியில் எனக்குப் பக்கத்து லாரி புக்கிங் ஆபீஸ்காரர்தான். அதனால் ஊர் வைத்த பேர் சைலன்சர்.

லாரியைப் பட்டறையில் விட்டால்கூடக் கோளாறு என்னவென்று சொல்ல மாட்டார். "மெக்கானிக்கு அவன்தானுங்க. நானே சொல்லிப்போட்டா அவனுக்கென்ன வேலை?" என்பார். டாக்டர்களுக்கும் அதே சட்டம். நெஞ்சுவலி வந்தபோதும் கையை நீட்டிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். டாக்டரே கண்டுபிடித்து, ரத்தக்குழாயில் பிடிவாதமான அடைப்பு என்பதால் மணிக்கணக்கில் எக்ஸ்ரே கருவியில் படுக்கவைத்து, ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்.

சில வாரம் கழித்து, தோள்பட்டைக்குக் கீழே முதுகில் சதுரமாக ஒரு சிவப்பு. தோல் டாக்டரிடம் போனவர் ஸ்டென்ட் பற்றி மூச்சு விடவில்லை. படர்தாமரைக்குக் களிம்பு கிடைத்தது. தோல் உரிந்ததுதான் மிச்சம். அவர் சம்சாரம் இது அக்கிதான் என்று முடிவு கட்டி, பானை செய்கிறவரிடம் கூட்டிப்போய்ச் செங்காவியால் அக்கி எழுதவைத்தார். அக்கிக்குச் சிங்கம் எழுதுவது வழக்கம்தான்; பானைக்காரர் தாராள மனசுக்காரர். முதுகு முழுக்க வாலைத் தூக்கிய சிங்கம் ஒன்றை வரைந்துவிட்டார்.

மறுபடி தோல் டாக்டரிடம் போனபோது நானும் துணைக்குப் போனேன். சட்டையைக் கழற்றியதும் டாக்டர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"என்னங்க இது?"

"பாத்தாத் தெரியலீங்களா? சிங்கம்."

நர்ஸ் சிங்கத்தைத் துடைத்தார். அடியில் புண் குழிவிழ ஆரம்பித்திருந்தது. கொஞ்சம் சதை வெட்டிச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார் டாக்டர். சைலன்சர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஸ்டென்ட், மணிக்கணக்கில் படுத்தது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இது எக்ஸ்ரே பட்டதால வந்த காயம். அபூர்வமா சில பேருக்கு வரும். வெட்டியிருந்தா ஆறாமலே போயிருக்கலாம். மொதல்லயே சொல்றதுக்கு என்னங்க?"

"நீங்க கேக்கலீங்களே."

வெளியே வந்ததும் என்னை முறைத்தார். "பரீட்சை எழுதறவனுக்கு விடை சொல்லிக் குடுத்துப்போட்டயே சாமி." புண் ஆறுகிறவரை என்னோடு பேசவில்லை. ஆறுவதற்கு மாதங்கள் ஆயின.

போன வாரம் மத்தியானம் என் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் வேர்வை.

"சாமி, நெஞ்சு அடைக்கறாப்பல இருக்குது. டாக்டருகிட்ட நானா சொல்ல மாட்டேன். உன்றகிட்டச் சொல்லிப்போட்டேன். நீ சொல்லிரு."

காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடினேன். எல்லாம் பார்த்துவிட்டு, வெறும் வாய்வு என்றார்கள். எனக்குத்தான் கண்ணில் நீர் நிற்கவில்லை. முதன்முதலாக அவர் வாய் திறந்தது என்னிடம். வழக்கம்போல அவர் அதையும் யாரிடமும் சொல்லவில்லை. நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.