குலுக்கல் பாய் ஷாக் அப்சர்பர் மாற்றிய கதை

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் சாலையில் இருந்த ஒவ்வொரு பள்ளத்துக்கும் பெயர் வைத்திருந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் குலுக்கல் பாய். பல்செட்டுப் பள்ளம் என்றால், ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியரின் பல்செட் வாயைவிட்டுப் பறந்து விழுந்த இடம். சம்பந்திப் பள்ளம் என்றால், எதிரெதிரே உட்கார்ந்து வந்த இரண்டு சம்பந்திகள் நெற்றியோடு நெற்றி மோதிக்கொண்டு, கல்யாணமே நின்றுவிடப் பார்த்த இடம். எல்லாம் அவருடைய ஜீப்பில் நடந்தவை. அதனால்தான் அவருக்கு அந்தப் பெயர். அவருடைய சொந்தப் பெயரை ஒரு முறை கல்யாணப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, "யார் பாய் இது?" என்று அவரிடமே நான் கேட்டிருக்கிறேன். இத்தனைக்கும் அவர் வீட்டுப் பின்கட்டில்தான் குடியிருந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாகப் பழவேற்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். பாய்க்கு இறால் வியாபாரம். ஏரியில் பிடித்ததைக் கரையில் வாங்கி, ஐஸ் பெட்டியில் போட்டு, ஜீப்பில் பொன்னேரிக்குக் கொண்டுபோவார். ஏலத்தில் எடுத்த பழைய ராணுவ ஜீப் அது. எந்தப் போருக்குப் போய் வந்ததோ தெரியாது. அந்தப் போரை மறக்க முடியாமல் அவதிப்பட்டது மட்டும் தெரியும். பின்பக்க ஷாக் அப்சர்பர் இரண்டும் உயிரை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. மற்ற வண்டிகள் ஒரு பள்ளத்துக்கு ஒரு தடவை குதிக்கும். பாயின் ஜீப் ஐந்து தடவை குதிக்கும். ஐந்தாவது குதிப்பு முடிவதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடும்.

"பாய், ஷாக்கை மாத்திடக் கூடாதா?" என்று நான் போன புதிதில் கேட்டேன்.

"இன்னாத்துக்கு சார்? குலுக்கல் ஒடம்புக்கு நல்லது. துன்னதெல்லாம் செரிக்கும். டவுன்ல இதுக்குப் போய் டாக்டருக்குத் துட்டு குடுக்கறான்."

"ஒரு மெக்கானிக்கிட்டயாவது காட்டலாமே?"

பாய் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "டாக்டர் கத்திரிக்கோல வயித்துல மறந்து வச்சித் தச்சிட்டான்னா வலிக்கும், தெரிஞ்சிடும். மெக்கானிக் இன்னா மறந்தான்னு ஜீப்பு வாயத் தொறந்து சொல்லுமா?"

அவருடைய வண்டியை அவரைத் தவிர யாரும் தொடக் கூடாது. இன்ஜின் ஆயில் மாற்றுவது, பிரேக் பார்ப்பது எல்லாம் வீட்டு முற்றத்தில்தான். முடிந்தபின் தரையில் நாலைந்து நட்டுகள் மிச்சம் கிடக்கும். "கம்பெனிக்காரன் பயத்துல கூடப் போட்டிருக்கான்" என்று சொல்லி அவற்றை ஒரு டப்பாவில் போட்டு வைப்பார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் சென்னைக்குப் போய், செய்தித்தாளில் சுற்றிய இரண்டு நீளப் பொட்டலங்களை அணைத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினார். புது ஷாக் அப்சர்பர்கள். காரணத்தை அவர் மனைவிதான் சொன்னார். அவரை நாங்கள் எல்லாரும் பாயம்மா என்போம்.

ஏரி நடுவே பசியாவரம் தீவில் மாரி என்று ஒருவர், பாய்க்கு வெகுகாலமாக இறால் கொடுப்பவர். முந்தின வருஷம் அவர் மகள் தேசம்மாவுக்கு ஏழாம் மாதத்தில் வலி கண்டது. படகில் இக்கரைக்குக் கொண்டுவந்து, பாயின் ஜீப்பில்தான் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குழந்தை பிழைக்கவில்லை. வயிற்றிலேயே இறந்து ஒரு நாளுக்கு மேல் ஆகிவிட்டது, வண்டி குலுங்கியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று நர்ஸ் எடுத்துச் சொன்னார். பாய் தலையை ஆட்டினார். ஆனால் நம்பவில்லை.

"இப்ப அந்தப் பொண்ணு மறுபடியும் மாசமா கீது சார்," என்றார் பாயம்மா. "குலுக்கல் ஒடம்புக்கு நல்லதுன்னு சொல்லிக்கினே இருப்பாரே, போன வருசத்துலேர்ந்து ஒரு தபா சொல்லிக் கேட்டீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். கேட்கவில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு அதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலை ஆரம்பமாயிற்று. பிரசவத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. பாய் லுங்கியை மடித்துக் கட்டி, முன் சக்கரங்களுக்குச் செங்கல் வைத்து, பின்பக்கம் ஜாக்கியைப் போட்டுச் சுற்றினார். ஜீப் உயரவில்லை. ஜாக்கிதான் மணலுக்குள் இறங்கிக்கொண்டே போனது.

"ஏரியில படகு முழுவிப் பாத்திருக்கேன். தரையில ஜாக்கி முழுவி இப்பத்தான் பாக்கறேன்," என்று சொல்லிவிட்டுக் கரைக்குப் போய், உடைந்த படகின் பலகைகளைத் தூக்கி வந்தார். அதன்மேல் ஜாக்கியை வைத்ததும் ஜீப் எழுந்தது. சக்கரங்களைக் கழற்றி, அச்சுக்கு அடியிலும் பலகைகளை அடுக்கினோம்.

அடுத்தது நட்டு. உப்புக்காற்றில் துருப்பிடித்து, நட்டும் போல்ட்டும் ஒரே உடம்பாகிவிட்டிருந்தன. பாய் மண்ணெண்ணெய் ஊற்றினார். தேங்காயெண்ணெய் தடவினார். கொஞ்சினார். "வாடா என் ராசா" என்றார். வரவில்லை. பிறகு அதன் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். நான் ஸ்பேனரின் முனையில் ஏறி நின்றேன். கிறீச் என்று ஒரு சத்தம். நட்டு அசைந்தது, நான் பாயம்மாவின் முருங்கைக்கன்று மேல் கிடந்தேன்.

"கன்னுக்கு இன்னா ஆச்சி?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. என்னைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

புது ஷாக்கை நிறுத்திப் பிடித்து, இழுத்து அமுக்கி, இழுத்து அமுக்கி, உள்ளே இருந்த காற்றைப் போக்கினார் பாய். பதினொரு மணிக்கு இடதுபக்கம் மாட்டியாகிவிட்டது. வலதுபக்கத்து நட்டு எதற்கும் மசியவில்லை. ரம்பத்தால் அறுத்துப் பழைய ஷாக்கை வெளியே எடுத்தோம். இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்தபோதுதான் தெரிந்தது, ஷாக்கின் இரண்டு முனையிலும் உள்ள கண்ணிகளில் இருக்க வேண்டிய ரப்பர் வளையங்கள் அதில் இல்லை.

"நாளைக்கு நான் போய் வாங்கிட்டு வரேன் பாய். பத்து நாள் இருக்கே," என்றேன்.

அந்த நேரத்தில்தான் கரைப் பக்கமிருந்து மாரி ஓடி வந்தார். மேல் சட்டை இல்லை, மூச்சு வாங்கியது. "பாய்! பொண்ணுக்கு நோவு எடுத்துக்கிச்சி. படகுல கொண்டாந்துட்டோம். வண்டிய எடு!"

வண்டி பலகைமேல் நின்றுகொண்டிருந்தது. பின்சக்கரம் இரண்டும் சுவரில் சாய்ந்திருந்தன. அடுத்த பஸ் மூன்று மணிக்கு. பாய் முற்றம் முழுக்கக் கண்ணை ஓட்டினார். பிறகு மெதுவாகத் தலை குனிந்து என் கால்களைப் பார்த்தார். பொங்கலுக்கு வாங்கிய புது ரப்பர் செருப்பு.

"கழட்டுங்க சார்."

"பாய், இது..."

"கழட்டுங்கன்னா!"

மீன் வெட்டும் கத்தியால் அந்தச் செருப்பை வட்டம் வட்டமாக அறுத்தார். நடுவில் துளை போட்டு, கண்ணிகளில் திணித்து, ஷாக்கை மாட்டினார். டப்பாவில் கிடந்த நட்டுகளைப் போட்டு நான் முறுக்கினேன். அதற்குள் பக்கத்துக் கோட்டைக்குப்பத்து மீனவர்கள் ஆறு பேரை மாரி கூட்டி வந்துவிட்டார். சக்கரங்களைப் பூட்டியதும் அவர்கள் ஜீப்பின் பின்பக்கத்தைப் படகைத் தூக்குவதுபோல் தூக்கினார்கள். நான் பலகைகளை உருவினேன். எந்த மெக்கானிக்கும் அந்த வேகத்தில் வேலை செய்து நான் பார்த்ததில்லை.

கரையில் ஏற்றிக்கொண்ட தேசம்மா, பின்னால் விரித்த மெத்தையில் படுத்திருந்தாள். தலைமாட்டில் பாயம்மா, கால்மாட்டில் மாரி. முன்னால் பாயும், வெறுங்காலோடு நானும். பாய் ஓட்டினார் பாருங்கள், முட்டைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பதுபோல! ஒரு மாட்டு வண்டி எங்களைத் தாண்டிப் போனது. ஒரு சைக்கிள்காரர் பக்கத்திலேயே வந்து, "இன்னா பாய், எறங்கித் தள்ளவா?" என்று கேட்டார்.

பள்ளம் வரும் முன்பே பாய் திரும்பி அறிவித்தார். "யம்மா, சம்பந்திப் பள்ளம் வருது. கெட்டியாப் புடிச்சிக்க. மன்னிச்சிக்கம்மா."

மூன்றாவது மன்னிப்பில் தேசம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "யோவ் பாய்! இன்னாய்யா வண்டி ஓட்டற? வேகமாப் போய்யா! இங்கியே பொறந்துடும்! நைனா, நீயாவது அந்தாளாண்ட சொல்லேன்!"

பாய் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். பல்செட்டுப் பள்ளம் எதிரே வந்தது. ஒதுங்க இடமில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். தடால் என்று வண்டி விழுந்து எழுந்தது. அவ்வளவுதான். அப்புறம் குதிக்கவில்லை.

"ஒண்ணு!" என்று கத்தினார் பாய். "சார், எண்ணினீங்களா? ஒண்ணே ஒண்ணு!"

ஆஸ்பத்திரி வாசலில் தேசம்மாவைத் தாங்கி உள்ளே கூட்டிப் போனார்கள். பாய் மட்டும் வரவில்லை. "வண்டிய ஒரு தபா பாத்துட்டு வரேன்" என்று ஜீப்புக்கு அடியில் படுத்துக்கொண்டார். அரை மணி நேரம் கழித்து மாரி வெளியே ஓடி வந்தார். "பொண்ணு, பாய்! பொண்ணு பொறந்திருக்கு! இன்னாமா கத்துது தெரியுமா!" சொல்லிவிட்டு மறுபடியும் உள்ளே ஓடினார்.

ஜீப்புக்கு அடியிலிருந்து கிரீஸ் படிந்த இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"பாய், கேட்டீங்களா? வெளிய வாங்க," என்றேன்.

"இருங்க சார்..." குரல் கரகரத்தது. "ஒரு நட்டு லூசா கீது."

எந்த நட்டும் லூசாக இல்லை. கடைசியாக எல்லாவற்றையும் முறுக்கியவன் நான்தான்.

"நிதானமா டைட் பண்ணுங்க பாய், அவசரமே இல்ல," என்று சொல்லிவிட்டு, யாரும் அந்தப் பக்கம் குனிந்து பார்க்காதபடி, சக்கரத்தில் சாய்ந்து அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டேன்.