கடைசி நாற்காலிக்கு நடந்த போட்டி

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தைக்கு,

இங்கே எல்லாரும் நலம். உங்கள் மடத்தில் நீங்களும் மற்ற சகோதரிகளும் நலமாயிருக்க மன்றாடுகிறேன். என் அண்ணன் கல்யாணத்துக்கு வர முடியாமல் போனதும், "சாப்பாடு, புடவை எல்லாம் அப்புறம். எங்க அண்ணனுங்க ரெண்டு பேரும் பேசினாங்களா? அதை மட்டும் எழுது" என்று போனில் கேட்டீர்கள். ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால் நடந்த விதத்தைச் சொல்லாவிட்டால் நம்பமாட்டீர்கள்.

பெரியப்பா பாட்டை இழுக்கிறார் என்று அப்பாவும், அப்பா கீபோர்டில் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறார் என்று பெரியப்பாவும் பாடகர் குழுவில் முணுமுணுத்துக்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரியும். ஒரு ஞாயிறு நன்றிப் பாட்டில் பெரியப்பாவுக்கு இன்னும் ஒரு சரணம் மிச்சம் இருக்கும்போதே அப்பா வாசித்து முடித்து, கீபோர்டுக்கு உறையும் போட்டுவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. திருப்பலியில் பக்கத்திலிருப்பவருக்குச் சமாதானம் சொல்லும் நேரம் வந்தால் அப்பா எனக்குச் சொல்வார், நான் பெரியப்பாவுக்குச் சொல்வேன், பெரியப்பா பக்கத்துத் தூணுக்குச் சொல்வார். கல்யாண அழைப்பிதழும் என் கையில்தான் போனது. "நானே போய்க் குடுத்து, அவர் வாங்கலேன்னா?" என்று அப்பா சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே கேட்டார். அதற்குமேல் அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் ஞாயிறு. விருந்துக்குப் போனால் முதல் இடத்தைப் பிடிக்காதே, கடைசியில் போய் உட்கார், விருந்து வைத்தவரே வந்து உன்னை மேலே கூட்டிப் போகட்டும் என்பதுதான் அன்றைய நற்செய்தி. பங்குச்சாமியார் உருகி உருகிப் பேசி, "நாளைக்கே ஒரு விருந்து இருக்கு. செஞ்சு காட்டுங்க, பாப்போம்!" என்று முடித்தார். அத்தை, நம் பங்கு மக்கள் எந்தப் பிரசங்கத்தையும் கேட்டு இதுவரை எதையும் செய்ததில்லை. முதல்முறையாகச் செய்வதற்கு எங்கள் வீட்டுக் கல்யாணத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மண்டபக் கதவு திறந்ததும் எல்லாரும் முன்வரிசை மேசைகளைத் தாண்டி ஓடினார்கள். கைகழுவும் இடத்துக்குப் பக்கத்து மேசைக்கு அவ்வளவு கிராக்கியை நான் பார்த்ததில்லை. "நீங்க பெரியவங்க, நீங்க முன்னாடி போங்க" என்று ஒருவர் தள்ள, "பெரியவன்னுதான் இங்க உக்காந்திருக்கேன், கையை எடு" என்று இன்னொருவர் முறைக்க, தாழ்மை கைகலப்பு வரை போய்விட்டது. வேறு பங்கிலிருந்து வந்த பெண் வீட்டாராவது முன்னால் உட்காருவார்கள் என்று நம்பியிருந்தேன். அவர்களும் பின்பக்கம் பாய்ந்தபோதுதான், ஞாயிறன்று உலகம் முழுக்க எல்லாக் கோயிலிலும் ஒரே வாசகம் என்பது எனக்கு உறைத்தது. கடைசியாக வந்த சாமியாருக்கு முதல் மேசையைத் தவிர வேறு இடமே இல்லை. தேர்வு எழுத வந்தவர்போல அங்கே தனியாக உட்கார்ந்திருந்தார்.

பெரியப்பா வந்திருந்தார்! கடைசி மேசையின் கடைசி நாற்காலியில், சுவரோடு சுவராக. அப்பா நேரே அவரை நோக்கி நடப்பதைப் பார்த்ததும், பேசப்போகிறார் என்று நினைத்தேன். அப்பா அவரைத் தாண்டிப் போனார். ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து, பெரியப்பாவுக்கும் பின்னால் சமையலறை வாசலில் போட்டு உட்கார்ந்தார். பெரியப்பா திரும்பிப் பார்த்தார், எழுந்தார், தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அப்பாவைத் தாண்டிச் சமையலறைக்குள் போனார். அப்பாவும் விடவில்லை. கடைசியில் இரண்டு பேரும் பாத்திரம் கழுவும் தொட்டி வரை போய்விட்டார்கள். அதற்கப்பால் சுவர்.

சமையல்கார அம்மா கரண்டியோடு வந்தார். "என்னய்யா இது, அடுப்படியில பந்தி? வழிய விடுங்க, இல்ல தட்டைத் தொடைங்க. ஆளு பத்தல." ஆளுக்கொரு துணி கிடைத்தது. பெரியப்பா ஒவ்வொரு தட்டையும் சாமியார் பூசையில் திருக்கிண்ணத்தைத் துடைப்பதுபோலத் துடைத்து அப்பாவிடம் நீட்ட, அப்பா ஒரே சுற்றில் முடித்துவிட்டு அடுத்ததற்குக் கைநீட்டிக்கொண்டு நின்றார். பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை.

"ஒரு தட்டுக்கு எத்தனை சரணம், அண்ணே?"

நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா தட்டைக் கீழே வைத்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"கல்யாண வீட்டுக்காரன் நீ. மேலே வான்னு கூப்பிட வேண்டியவன் நீதாண்டா. நீயும் வந்து பின்னாடி உக்காந்துட்டா என்னை யாரு கூப்பிடுவா?"

"கூப்பிட்டா வருவீங்களா?"

"வராமலா தொட்டி வரைக்கும் வந்து உக்காந்திருக்கேன்?"

"வாங்க அண்ணே. முன்னாடி வாங்க."

ஈரச் சட்டையோடு இருவரும் மண்டபத்தின் நடுவே நடந்து போய்ச் சாமியாருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். அதைப் பார்த்து எல்லாரும் முன்னால் வர, பரிமாறுகிறவர்களுக்கு உயிர் வந்தது. அந்த நற்செய்தியை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். எங்கே உட்காருவது என்பதிலேயே நின்றுவிடுவேன். எழுந்து வந்து கூப்பிடுகிற ஒருவர் அதில் இருப்பதை அன்றுதான் கவனித்தேன். சாப்பாடு முடிந்து இருவரும் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடினார்கள். அப்பா கொஞ்சம் முன்னால் முடித்தார். ஆனால், பெரியப்பா வந்து சேரும்வரை கீபோர்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

ஆகவே, நீங்கள் கேட்ட அந்த ஒரு வரி: பேசினார்கள். மடத்தில் எல்லாருக்கும் என் வணக்கம். உங்கள் ஜெபத்தில் எங்களையும், குறிப்பாகக் கடிகாரத்தோடு ஒத்துப்போகாத நம் பாடகர் குழுவையும் வைத்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள் ஆசீரை நாடும்,
அண்ணன் மகள்

பின்குறிப்பு: அடுத்த ஞாயிறு வாசகத்தை இப்போதுதான் பார்த்தேன். பெற்றோரையோ சகோதரரையோ ஆண்டவரைவிட மேலாகக் கருதுகிறவர் அவருடைய சீடராக முடியாதாம். வாசக நூலில் இப்படிப் பக்குவமாகத்தான் இருக்கிறது. அப்பா வீட்டிலிருக்கும் பழைய வேதாகமத்தைப் புரட்டியிருக்கிறார். அதில் சகோதரரை வெறுக்க வேண்டும் என்று நேராகவே போட்டிருக்கிறதாம். "சொன்னா செய்யணும்ல?" என்று பெரியப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார். "இருடா, நேர்ல வந்து பேசறேன்" என்று அவர் கத்துவது இங்கே வரை கேட்கிறது. அந்த ஞாயிறு ஒருநாள் மட்டும் எங்கள் சாமியாருக்குத் தொண்டை கட்டிக்கொள்ள ஜெபியுங்கள்.