ஊதா மை வைத்த பொறி

கிடங்குக் கண்காணிப்பாளர் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு ஷேவிங் ஃபோம் டப்பாவைக் குலுக்கினார். காதருகே வைத்துக் கேட்டார். பிறகு அழுத்தினார். 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு வந்தது. நுரை வரவில்லை. முந்தாநாள் வாங்கிய டப்பா.

"திருட்டு!" என்றார் கண்ணாடியைப் பார்த்து. கண்ணாடியில் இருந்த ஆள்மேலும் அவருக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது.

அவருடைய தொழில் அப்படி. கிடங்கில் ஒரு திருகாணி குறைந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. இப்போது சொந்த வீட்டிலேயே டப்பா டப்பாவாக நுரை போகிறது. "இந்தத் திருடனைப் பிடிக்காமல் இனி முகத்தில் கத்தி வைப்பதில்லை" என்று அங்கேயே சபதம் எடுத்தார்.

சபதத்தோடு கூடத்துக்கு வந்தவர், வழக்கம்போலத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சாப்பாட்டு மேசை இருந்தது. ஆனால் அதில் சாப்பிட முடியாது. மேசை முழுக்க மனைவியின் வாழ்த்து அட்டைகள், கத்தரிக்கோல், பசை, ரிப்பன். நேற்று அவர் சோற்றில் ஜிகினா மின்னியது.

"உன் தம்பி நேத்து வந்தானா?" என்று மெதுவாக ஆரம்பித்தார்.

"வந்தான். ஏன்?"

"என் ஷேவிங் ஃபோமைக் காணோம்."

மனைவி அட்டை வெட்டுவதை நிறுத்தினாள். "என்னங்க, அவனுக்குத் தாடி நெஞ்சு வரைக்கும் தொங்குது. அவனுக்கு எதுக்கு அது?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன். அவ்வளவு பெரிய தாடிக்குப் பின்னாடி அவன் எதை மறைக்கிறான்?"

"தாடையை."

"சிரிக்காதே. ஆளைப் பிடிச்சுட்டா இந்த மேசை சாப்பாட்டுக்கு. உன் காகிதக் கடையெல்லாம் பரண்மேல போயிடணும். சம்மதமா?"

"பிடிக்கலைன்னா?"

"மேசை உனக்கே. நான் ஆயுசுக்கும் மடியிலயே சாப்பிடறேன்."

"எங்க தம்பிதான்னு நீங்களா சொல்லிட்டா ஆச்சா? எதை வச்சு முடிவு பண்றது?"

கண்காணிப்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கிடங்குச் சட்டம்தான். யார் கையில அடையாளம் இருக்கோ, அவங்கதான் திருடன். அழுதாலும் விடமாட்டேன். மேல பேச்சே கிடையாது."

"மேல பேச்சே கிடையாதா?"

"கிடையாது."

"சரி, மாத்திப் பேசக் கூடாது" என்று சொல்லிவிட்டு, மனைவி மறுபடி அட்டை வெட்டத் தொடங்கினாள்.

அடையாளத்துக்கு ஒரு வழி வைத்திருந்தார். கிடங்கில் மூட்டைகளுக்கு முத்திரை குத்த இரண்டு மைகள் உண்டு. வரும் சரக்குக்கு ஊதா, போகும் சரக்குக்குப் பச்சை. கையில் பட்டால் சோப்புக்கு மசியாது. தோல் உரிந்தால்தான் போகும்.

போன மாதம் மனைவியே அந்த ஊதாவைக் கேட்டாள். "கடை மையெல்லாம் அட்டையில வெளுத்துப் போகுதுங்க. உங்க மூட்டையில இருக்கற ஊதா எவ்வளவு பளிச்சுனு இருக்கு! ஒரு சின்ன பாட்டில் கொண்டாங்களேன்."

"கிடங்குப் பொருள் ஒரு சொட்டுகூட இந்த வாசப்படி தாண்டாது!" என்று அவர் பெரிய பிரசங்கமே செய்தார். அவளும், "சரி, விடுங்க" என்றுவிட்டாள்.

இப்போது அதே மை ஒரு பாட்டில் நிறைய அவருடைய சாப்பாட்டுப் பையில் வீட்டுக்கு வந்தது. திருடனைப் பிடிப்பதற்காக எடுத்தால் அது திருட்டு ஆகாது, நடவடிக்கை என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார். புது நுரை டப்பா ஒன்று வாங்கி, அதன் மூக்கைச் சுற்றியும் அடிப்பக்கத்திலும் மையைத் தாராளமாகத் தடவினார். மிச்ச மையை அலமாரிமேல் பழைய பெட்டிக்குப் பின்னால் ஒளித்தார்.

ஞாயிற்றுக்கிழமை. சாய்வு நாற்காலியில் செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவதுபோல் கிடந்தார். தாளில் கண்ணுக்கு நேராக ஓர் ஓட்டை. சந்தேகம் வராமல் இருக்கக் குறட்டையும் விட்டார்.

மேசைப் பக்கம், 'புஸ்ஸ்ஸ்'.

கண்காணிப்பாளர் பாய்ந்தார். "பிடிச்சேன்!" என்று மனைவி கையிலிருந்த டப்பாவை இரண்டு கையாலும் பிடுங்கினார். "உன் தம்பியோன்னு பார்த்தா நீயா!"

"நானேதான்" என்றாள் அவள், நிதானமாக.

"ஒத்துக்கறியா?"

"நான் எப்ப இல்லைன்னு சொன்னேன்? நீங்க என்னைக் கேட்கவே இல்லையே. தம்பியைப் பத்தித்தானே கேட்டீங்க?"

உண்மைதான். சந்தேகப்படத் தெரிந்த மனிதருக்குக் கேட்கத் தெரியவில்லை. கோபத்தில் தாடையை இரண்டு கையாலும் பரபரவென்று தேய்த்துக்கொண்டார்.

மேசைமேல் தட்டில் வெள்ளை நுரை. டப்பாவின் மூக்கில் இருந்த மை அதில் ஊதாக் கோடுகளாக ஓடியிருந்தது. அவள் பல்குத்தும் குச்சியால் கோடுகளைச் சுழற்றினாள். அதன்மேல் ஓர் அட்டையைக் கவிழ்த்து, குழந்தைக்குத் தட்டிக்கொடுப்பதுபோல் தட்டினாள். அட்டையை எடுத்து, ஒட்டிய நுரையை ஸ்கேலால் ஒரே இழுப்பாக வழித்தாள். நுரை போனது, வண்ணம் நின்றது. புகையும் அலையும் பின்னிக்கொண்ட மாதிரி ஓர் ஊதாப் பின்னணி. இனி அதன்மேல் என்ன பூ ஒட்டினாலும் அழகுதான்.

கண்காணிப்பாளர்கூட ஒரு கணம் வாய் பிளந்தார். பிறகு சுதாரித்துக்கொண்டார். "அதெல்லாம் இருக்கட்டும். கையைக் காட்டு!"

மனைவி பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை ஒவ்வொன்றாக உருவினாள். உள்ளே கைகள் பளிச்சென்று சுத்தமாக இருந்தன.

"இப்ப உங்க கையைக் காட்டுங்க."

அவர் பார்த்தார். இரண்டு உள்ளங்கையும் கத்தரிக்காய் நிறம். கண்ணாடியில் பார்த்தால், சபதத்தால் வளர்ந்த தாடியும் அதே நிறம்.

"கையில அடையாளம் இருக்கறவங்கதான் திருடன். மேல பேச்சே கிடையாது" என்றாள் அவள். "அதோட, கிடங்கு மையைச் சாப்பாட்டுப் பையில வச்சு வாசப்படி தாண்டினது யாருங்க?"

"அது... நடவடிக்கை."

"நல்ல நடவடிக்கை. நான் கேட்டப்ப ஒரு சொட்டு வரலை. உங்களுக்குச் சந்தேகம் வந்ததும் பாட்டிலே வந்துடுச்சு. அலமாரிமேல பெட்டிக்குப் பின்னாடி இருந்ததை எடுத்து வச்சுக்கிட்டேன்."

அவருக்கு இப்போதுதான் உறைத்தது. கண்ணில் படும்படி டப்பா டப்பாவாக நுரை காலியானது ஏன் என்று புரிந்தது. தாடிக்காரனைச் சந்தேகப்பட்டார், கண்ணாடியைக்கூடச் சந்தேகப்பட்டார். அன்றைக்கு அவள் சொன்ன அந்தச் "சரி, விடுங்க"வை மட்டும் நம்பித் தொலைத்துவிட்டார்.

போய் நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து பரிவோடு அவர் மடியில் வைத்தாள்.

"அடுத்த வாரம் உங்க சீப்பு காணாமப் போகும்" என்றாள். "அதுக்குப் பச்சை தடவி வையுங்க."